கோரிப்பாளையத்தில் நான் மாட்டிய வாஷர்

வாடகைக்கு விடலாமென்று வீடு வாங்குகிறவனுக்கு ஊரே யோசனை சொல்லும். கேட்டுக்கொள்ளலாம், செய்யக்கூடாது. நான் செய்தேன்.

கப்பலூர்க் கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்த்துச் சேர்த்ததோடு பேங்க் கடனும் போட்டு, கோச்சடையில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். மூன்று மாதம் பூட்டியே கிடந்தது. (என் மூஞ்சியப் பாத்தே பாதிப் பேரு ஓடிட்டாங்கன்னு வீட்டுக்காரி சொல்லுவா.) ஆடி பிறக்க நாலு நாள்தான். ஆடியில் எவனும் வீடு மாற மாட்டான். அதற்குள் ஆள் வராவிட்டால் இன்னொரு மாதமும் காலி.

அந்த நேரத்தில் ஒரு டீச்சர் வந்தார். மிஷன் பள்ளியில் வேலை. அவரும் அவர் அம்மாவும் மட்டும். வீடு பிடித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அட்வான்ஸ் தந்துர்றேன் சார்" என்றார். அதோடு நான் வாயையும் காலையும் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மச்சினன் கெடுத்தான். "மாமா, அவங்க இப்ப குடியிருக்குற வீட்டப் போய்ப் பாருங்க. அத எப்பிடி வச்சிருக்காங்களோ, அப்பிடித்தான் நம்ம வீட்டையும் வச்சிருப்பாங்க."

ஞாயிறு காலையிலேயே டீச்சர் குடியிருந்த கோரிப்பாளையம் வீட்டுக்குப் போய்விட்டேன். டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். கீழ்வீட்டில் வீட்டு ஓனர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "டீச்சர் வர்ற வரைக்கும் மேல நிக்கிறேன்" என்று மாடி ஏறினேன். அவரும் பின்னால் வந்தார். மாடியில், ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய். துணி சுற்றியிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வீடு வச்சிருக்குற லட்சணமா இது? இம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது!"

"அவங்களத் திட்டாதீங்கண்ணே. ஒரு வருசமா அவங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. நாந்தான் ஆளக் கூப்பிடல."

"நீயெல்லாம் ஒரு ஓனரா?"

(சொல்லிட்டுச் சும்மா வந்திருந்தா நான் மனுசன்.) தெருமுனைக் கடையில் வாஷர் வாங்கினேன். வண்டியிலிருந்த ஸ்பேனரை எடுத்தேன். பத்தே நிமிடம். சொட்டு நின்றது.

"பிளம்பராண்ணே நீங்க?"

"பிளம்பரா? டீச்சருக்குப் புது ஓனர்யா நான்!"

அந்த ஆள் முகம் செத்துப்போனது. "காலி பண்றாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

அந்நேரம் பார்த்து டீச்சரும் அம்மாவும் படியேறி வந்தார்கள். அந்தம்மா நேராகக் குழாயிடம் போய், திறந்து, மூடி, காதை வைத்துக் கேட்டது. "அடியே, நின்னுருச்சுடி!"

டீச்சர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "சார்... இந்தச் சத்தத்துல அம்மாவுக்குத் தூக்கமே இல்லன்னுதான் வேற வீடு பாத்தோம்..."

ஓனர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லாருப்பீங்கண்ணே. காப்பி சாப்பிட்டுப் போங்க."

குடித்தேன். வேறென்ன செய்ய?

ஆடி முழுக்க வீடு காலி. ஆவணியில்தான் ஆள் வந்தது. வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குடிவருகிறவரின் வீட்டைப் பார்க்கப் போனால் ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வருசாவருசம் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் கேக் கொடுத்துவிடுகிறார். என் வீட்டுக்காரி அதை வெட்டிக்கொண்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள்: "பிளம்பரே, வாங்க! ஒங்க கூலி வந்துருச்சு!"

கேக் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.