மாமியார் குழம்பில் ஓடிய காவேரி

எனக்குக் கோபம் வந்தால் பாட்டு வரும். அதை நல்ல குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குணத்தால் ஊர் முன்னால் நான் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் வருஷம், மாரியம்மன் திருவிழா வந்தது; அங்கே அதை நோம்பி என்பார்கள். புது மருமகள் கும்மி வட்டத்தில் எடுத்துப் பாட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பழைய பாட்டு ஆகாது. ஆடிக்கொண்டே புதிதாகக் கட்ட வேண்டும். அவள் எதைப் பாடினாலும் வட்டம் முழுக்க இரண்டு தடவை திருப்பிப் பாடும். நடுவில் கையை நிறுத்தினால் ஆத்தாளுக்கு ஆகாது.

எனக்குக் கும்மியே தெரியாது. (பெண் பார்க்க வந்தபோது என் அப்பா "பிரமாதமா அடிப்பாளுங்க" என்று அளந்துவிட்டிருந்தார்.) என் தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போக வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டிருந்தேன்.

"நோம்பியில எடுத்துப் பாடு அம்மிணி, பத்து நாள் போயிட்டு வா. பாட வரலீனா, முகூர்த்தச் சோத்தத் தின்னுபோட்டு அன்னைக்கே திரும்பிரோணும்" என்று சொல்லிவிட்டார்.

சின்ன நாத்தனார் பாவாயி மாட்டுக் கொட்டகையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"கால் தப்புனாப் பரவால்லீங்க நங்கை, கை தப்பக் கூடாது. பாட்டு வரலீனா கண்ணு முன்னால என்ன இருக்குதோ அதப் பாடிப்போடுங்க."

கண் முன்னால் எருமை இருந்தது. எருமையைப் பாடினேன். அது முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"அதுக்கென்னங்க தெரியும்?" என்றாள் பாவாயி. நானும் நம்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது.

நோம்பியன்று மத்தியானம் பருப்புக் குழம்பு. கிணற்றிலிருந்து நேராக மொண்டு ஊற்றியது போல இருந்தது. "இதுல பருப்பு எங்கீங்க அத்தை?" என்று கேட்டேன். "கண்ணு நல்லாருக்கறவளுக்குத் தெரியும்" என்றார். அந்தக் கோபத்தோடுதான் சாயங்காலம் வட்டத்தில் இறங்கினேன்.

அம்மன் மேல் ஒரு பாட்டு, வேப்பிலை மேல் ஒரு பாட்டு. குனிந்தேன், நிமிர்ந்தேன், சுழன்றேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது பாட்டு வரவில்லை. கண் முன்னால் பார்த்தேன். நேர் எதிரே மாமியார் குனிந்து கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்.

"காவேரித் தண்ணியக் காணலையே – எங்க
அத்தை கொழம்புல ஓடுதடி!
பருப்பத் தேடி எறங்குனவ – இன்னும்
கரைக்கு வந்து சேரலடி!"

பாடி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

நாற்பது பெண்கள் இரண்டு தடவை திருப்பிப் பாடினார்கள். மாமியாரும் பாடினார். கையை நிறுத்த முடியாதே! என்னை முறைத்துக்கொண்டே, தன் குழம்பைத் தானே திட்டிக்கொண்டு, தாளம் தப்பாமல் கொட்டினார். (அந்தத் தாளம் எனக்கு இன்றைக்கும் வராது.)

அடுத்தவள் எடுத்தால்தான் நான் நிறுத்தலாம். ஒருத்தியும் எடுக்கவில்லை. "இன்னொருக்கா, புதுப்பொண்ணு!" என்று கத்தினார்கள். பயத்தில் வேறு எதுவும் வராமல் அதையே மறுபடியும் பாடித் தொலைத்தேன். கோயில் வாசலில் நின்ற மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் மாமியாரே எடுத்தார்.

"கொற சொன்ன சின்ன மருமவளே – இனிக்
கொழம்புக் கரண்டி ஒங்கையிலே!"

அதையும் ஊரே இரண்டு தடவை பாடியது. நானும் பாடினேன். ஆத்தா முன்னால் என் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று.

தம்பி கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மாமியார் பின்னால் வீட்டுக்கு நடந்தேன். மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"பத்து நாள் போயிட்டு வா சாமி. பாடுனியல்ல? போயி, உங்கம்மாகிட்டக் கொழம்பு வெக்கப் பழகிட்டு வா."

போனேன். பழகினேன். குழம்புதான் வரவில்லை. நாற்பது வருஷமாக அந்தக் கரண்டி என் கையில்தான் இருக்கிறது, குழம்பில் காவேரிதான் ஓடுகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் எடுக்கப் போனால் சமைக்க வருமா, பாட வருமா என்று யாரும் கேட்பதில்லை. "பொண்ணுக்கு நீச்சல் வருமுங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பசித்தால் என்னிடம்தான் வர வேண்டும்.