ஓம் என்று எழுதினால் சம்மதம்

அன்று காலை வாசிகசாலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிரதேச சபை உறுப்பினரான என் அத்தான் சிவபாதம். அவருடைய மனைவி, அதாவது என் அக்கா. வாசிகசாலைச் செயலாளர் கந்தையா அண்ணை. என் கணவர் (தேத்தண்ணி கொண்டுவந்தவர், அப்படியே நின்றுவிட்டார்). கையில் ஃபோனுடன் நான். பேஸ்புக்கில் இருந்தவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களைச் சேர்க்கப் போனதால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன் பிறகு எனக்கு வேலை இரண்டு. சட்டை தைப்பது, கவலைப்படுவது. தையலுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

அந்த நாட்களில் என் கவலை குப்பை. சபையின் ட்ரக்டர் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது. ஆகவே ஒழுங்கையின் ஏதாவது ஒரு முனையில் எல்லோரும் குப்பையைக் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்று சபை சொல்லிவிட்டது. ஒரு முனையில் வெறுங்காணி. அதற்கும் என் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு தகரவேலி மட்டும். மற்ற முனை குளத்தடி. அங்கே இருப்பது சாந்தி வீடு. குப்பை என் பக்கம் வந்தால் இலையான் வரும், நாய் வரும், நுளம்பு வரும், டெங்கு வரும் என்று யோசித்து, என் செத்தவீட்டுக்கு யார் யார் வரமாட்டார்கள் என்பதுவரை நான் போயிருந்தேன்.

எங்கே வைப்பது என்று கேட்க அத்தான் இரண்டு தடவை கூட்டம் வைத்தார். முதல் தடவை மழை என்று ஒருவரும் வரவில்லை. அடுத்த தடவை வெயில் என்று வரவில்லை. அதே ஆட்கள் காலை வணக்கத்திலிருந்து இரவு வணக்கம்வரை பேஸ்புக்கில் இருந்தார்கள். போதாததற்கு, ஒழுங்கையின் அரைவாசி வளவுகளின் சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அத்தான் அப்போதுதான் ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய், மதியச் சாப்பாட்டோடு ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல்லையும் கொண்டுவந்திருந்தார்.

“சனம் எங்களைத் தேடி வராது, பிள்ளை. நாங்கள்தான் சனத்தின்ரை ஃபோனுக்குள்ளை போகவேணும்” என்றார்.

ஊரில் பிறந்தநாள் படங்களும் நினைவுநாள் படங்களும் ஃபோனில் செய்து கொடுப்பவள் நான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குப்பையை வெறுங்காணியில் வைக்கச் சம்மதமென்றால் ‘ஓம்’ என்று எழுதவேண்டும், சம்மதமில்லையென்றால் ‘இல்லை’. விதி அவ்வளவுதான். அத்தானின் படமும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது அவருடைய தனி விதி. தேர்தலில் வென்ற அன்று எடுத்த படத்தைத் தந்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, முகத்தில் வெயில் பட்டு இரண்டு கண்ணும் மூடியபடி.

படத்தைச் சுற்றிப் போட என் ஃபோனில் இரண்டு சோடனைதான் இருந்தன. ஒன்றில் பலூன். மற்றதில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அரசியல் காரியத்துக்குப் பலூன் மரியாதையாக இருக்குமா என்று ஒரு மணித்தியாலம் கவலைப்பட்டேன். எந்த நல்ல காரியத்தையும் விளக்கேற்றித்தானே தொடங்குகிறோம் என்று குத்துவிளக்கைப் போட்டேன். கீழே, “எங்கள் எல்லோரதும் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய உறுப்பினர் திரு. சிவபாதம் அவர்கள்” என்று தொடங்கி விஷயத்தை எழுதினேன். அவருடைய பெயரோடு வசனத்தை வெட்டி, மிச்சத்தை ‘மேலும் பார்க்க’ என்பதற்குள் பேஸ்புக் ஒளித்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

காலையில் படத்தைப் போட்டோம். கரும்பலகையில் கந்தையா அண்ணை சோக்கோடு நின்றார். நான் வாசிக்க வாசிக்க அவர் கோடு போடவேண்டும்.

முதலில் வந்தது ‘ஓம் சாந்தி’.

“ஆர் சாந்தி? குளத்தடிச் சாந்தியோ?” என்று அண்ணை கேட்டார்.

வேறு யார். குப்பை என் பக்கம் வந்தால் அவளுக்குத்தானே லாபம். பெயரையும் எழுதி வாக்குப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணை ஒரு கோடு போட்டார். அடுத்ததும் ‘ஓம் சாந்தி’. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்களின் கணக்கிலிருந்து. கொஞ்சத்தில் ‘ஓம் சாந்தி சாந்தி சாந்தி’ என்று ஒன்று வந்தது.

“உவள் ஒரே அடியிலை மூண்டு குத்துறாள்” என்றார் அண்ணை. அவருக்குக் கை வலித்தது.

அத்தானுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “பார், கனடாவிலை விடியக்கூட இல்லை, சனம் எழும்பியிருந்து வாக்களிக்குது.” பங்கேற்பு என்றால் இதுதான் என்று அக்காவுக்கு விளக்கினார். எனக்குத் தெரிந்தது கள்ள வாக்கு. சொந்தக்காரரின் கணக்கெல்லாம் வாங்கி என் வேலிக்குக் குப்பை கொண்டுவருகிறாள். (எத்தனை செத்தவீட்டுப் படங்களுக்குக் கீழே நானே ‘ஓம் சாந்தி’ எழுதியிருப்பேன். அன்றைக்கு அது மூளைக்குள் வரவேயில்லை. மூளை முழுக்க இலையான்.) ஒவ்வொரு அஞ்சலிக்கும் கீழே, “சாந்தி, ஒராளுக்கு ஒரு வாக்குத்தான். வெட்கமில்லையா?” என்று எழுதிக்கொண்டு போனேன். பிறகு அவளுக்கே ஃபோன் எடுத்துக் கள்ளி என்றேன்.

சாந்தி சைக்கிளில் வந்தாள். கையில் மீன் செதில்.

“இஞ்சை பார் ரஞ்சி, என்னட்டைப் பேஸ்புக்கே இல்லை. என்ரை ஃபோன் கதைக்கிற ஃபோன். ஆரைக் கள்ளி எண்டனி?”

என் ஃபோனைப் பறித்தாள். படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

“எடியேய், நீ உன்ரை அத்தானுக்கெல்லோ செத்தவீடு வைச்சிருக்கிறாய்.”

அத்தான் ஃபோனை வாங்கி, தன் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்தவர்களை ஒவ்வொருவராக வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, “உவன் எனக்கு வாக்குப் போடாதவன். ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ எண்டு எழுதியிருக்கிறான்” என்றார். குரலில் உண்மையான நெகிழ்ச்சி.

படத்தை அழிப்பதற்குள் தெல்லிப்பழையிலிருந்து ஒரு வான் வந்துவிட்டது. முதலில் இறங்கியவர் அத்தானின் சின்னம்மா. அழுதுகொண்டே வந்து, வாசலில் நின்ற அத்தானையே கட்டிப்பிடித்து, “உன்னை விட்டிட்டுப் போட்டானே” என்றார். பிறகு யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று பார்த்து அடித்தார். வானில் வந்தவர்களுக்கு என் கணவர் தேத்தண்ணி கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு, பழைய முறைப்படி கை உயர்த்தும் கூட்டம். இந்தத் தடவை முழு ஒழுங்கையும் வந்தது, உறுப்பினர் உயிரோடு இருப்பதைப் பார்க்க. வெறுங்காணிக்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்தும்படி கந்தையா அண்ணை சொன்னார். சாந்தி முன்வரிசையில் இருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளைக் கள்ளி என்ற வாய் எனக்கு. என் கை தானாக மேலே போயிற்று. என்னைப் பார்த்து மற்றக் கைகளும் போயின. வேலிக்காரியே சம்மதம் என்றபின் யாருக்கு என்ன?

இன்று ட்ரக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. நான் பயந்த அளவுக்கு மணம் இல்லை. காற்று மாறும் நாட்களில் மட்டும் யன்னலைச் சாத்திவிட்டுத் தைக்கிறேன். சோறு போடவா என்று கேட்டால் என் கணவர் “ஓம்” என்பார். கொஞ்சம் பொறுத்து, “சாந்தி இல்லை, சம்மதம்” என்பார். சாந்தியும் இப்போது சட்டை தைக்க என்னிடம்தான் வருகிறாள். அளவு எடுக்கும்போது “ஒராளுக்கு ஒண்டுதானே?” என்று கேட்பாள்.

ஒரு விஷயம் மட்டும் முடியவில்லை. அந்தக் காலையில் அத்தானோடு படித்தவர்கள் பிரான்சிலிருந்து ஓடர் கொடுத்து, சந்தியில் பெரிய கண்ணீர் அஞ்சலி பனர் ஒன்று கட்டுவித்திருந்தார்கள். ஆள் உயிரோடிருக்கக் காசு எதற்கு என்று அவர்கள் இப்போது கேட்கிறார்கள். பனர் அடித்த கடைக்காரர் என்னைக் காணும்போதெல்லாம் காசு கேட்டுச் சைக்கிளை நிறுத்துகிறார். அத்தான் பனரை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். “படம் வடிவாய் வந்திருக்கு. திகதியை மட்டும் பிறகு மாத்தலாம். காசையும் அப்பவே குடுப்பம்” என்கிறார்.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபா.