துரை வம்சத்துக்கு நான் போட்ட கோடு

பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த பெரிய குறை, 'தெரியாது' என்ற சொல் வாயில் வராததுதான். அதனால், ஸ்காட்லாந்தில் ஐந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பிரபு குடும்பத்துக்கு நான் செய்த கெடுதலை அவர்களுடைய பங்காளிகள்கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் நான் தற்காலிகக் குமாஸ்தா. (தற்காலிகம் என்றால், துரை தும்மினாலே வேலை போய்விடும்.) எங்கள் துரை ஸ்காட்லாந்துக்காரர். தாம் அந்தப் பிரபு வம்சத்தில் வந்தவர் என்று நிரூபிக்க, ஆறு வருஷமாகச் சீமையிலிருந்து கடிதமும் நகலுமாக வரவழைத்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால், வம்சாவளியைப் பெரிய தாளில் மையால் எழுதித் தரச் சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் பெயருக்குக் கடும் பஞ்சம். வில்லியம் மகன் ராபர்ட், ராபர்ட் மகன் மறுபடி வில்லியம். துரையின் கிளை மேலே ஏறிக்கொண்டே போய் ஒரு வில்லியத்தில் நின்றுவிட்டது. அவருக்கு அப்பா யாரென்று தெரியவில்லை. இன்னும் மேலே பிரபு வில்லியம் இருந்தார், அவருக்கு ஜான் என்று ஒரு மகன். ஜானுக்குக் கீழே வெறுந்தாள்.

எங்கள் எருமப்பட்டியில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்போம். அப்படியானால் பிரபு வில்லியம் தாத்தா, ஜான் அப்பா, இந்த வில்லியம் பேரன். இதற்கா ஆறு வருஷம்? ஜானிலிருந்து அழகாக ஒரு கோடு இழுத்து வில்லியத்தோடு சேர்த்துவிட்டேன்.

பார்த்ததும் துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது எங்கே கிடைத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நானே யோசித்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "காகிதங்களில்தான் இருந்தது, சார்" என்றேன். (பெட்டி நிறையக் காகிதம். ஒன்றிலாவது இல்லாமலா போகும்?)

துரை அந்த வம்சாவளிப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். எடின்பரோவில் வம்சாவளி ஆராயும் ஒரு பண்டிதருக்கு விவரம் எழுதினார். அந்த வாரம்தான், எனக்குப் பெண் கொடுக்க இருந்த மாமா என் வேலை நிலைக்குமா என்று பார்க்க வந்தார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கெட்டிக்காரப் பையன். வேலை நிரந்தரம்" என்றார்.

"தொரையே சொல்லிப்போட்டாருங்க மாப்பிள்ளை. அப்புறம் என்னத்தை யோசிக்கறது?" என்றார் மாமா. கல்யாணம் முடிந்தது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, கடிதத்தைக் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். 'தாங்கள் குறிப்பிடும் ஜான் தமது ஏழாவது வயதில் காய்ச்சலால் இறந்தார். அவருக்குச் சந்ததி இருந்திருக்காது என்று பணிவுடன் கருதுகிறேன்.'

துரைசாணி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. திக்கித் திணறி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

"உங்கள் ஊரில் ஏழு வயதில் பிள்ளை பெறுவார்களா?"

"இல்லைங்க, சார்."

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பேனாக்கத்தியால் என் கோட்டை மெதுவாக, தாள் கிழியாமல் சுரண்டினார். வைதிருந்தால்கூடத் தேவலை.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. வேலையை நிரந்தரமாக்கி, என்னைப் பார்சல் ஆபீசுக்கு மாற்றினார். "அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் யாரிடமிருந்து யாருக்கு என்று எழுதி ஒட்டியிருக்கும். நீ எதையும் யோசிக்க வேண்டாம்" என்றார்.

ஆறுதல் சொல்வாள் என்று நம்பிப் புது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏனுங்க, அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆச்சுங்களான்னாவது கேட்டிருக்கலாமல்லங்க?" என்றாள். மறுவாரமே எருமப்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

போன மாதம் பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனைவி, மகனோடு நாமக்கல் போனேன். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். 'தகப்பனார் பெயர்' என்ற இடம் வந்ததும் அவள் என் பேனாவைப் பிடுங்கி மகன் கையில் கொடுத்தாள்.

"இதை மட்டும் நீயே எழுதிக்க, சாமி. உங்கப்பன்கிட்ட உட்டா, பையன் யாருக்குப் பொறந்தான்னு எழுதிப்போடுவாரோ."