டைம் ஆபீஸ் வாசலில் நிற்கும் நாயகன்

ஒரகடம்,
ஆவணி 3, புதன்கிழமை.

மரியாதைக்குரிய தாய்மாமா இசக்கியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மகன் கொம்பையா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே தாங்களும் அத்தையும் கனகலட்சுமியும் நலமாக இருக்க நம் சாஸ்தாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் கோபம். போனில் பேசினால் 'லீவு' என்ற சொல் வந்த உடனே கட் பண்ணிவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் தினமும் காலை ஐந்து மணிக்குக் கோட்டு போட்ட ஒருத்தர் படமும் அவர் பொன்மொழியும்தான் வருகிறது. கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட்டபோது முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு புத்தகம் கொடுத்தீர்களே, இருபத்தொரு தொழிலதிபர்கள் வாழ்க்கை வரலாறு, ஞாபகம் இருக்கிறதா? "சினிமாக்காரன் பின்னால போவாதலே, இவியதாம்லே இந்தக் காலத்து ஹீரோ. இதுல உள்ளபடி நட, எம் பிள்ளைய ஒனக்கே தாரேன்" என்றீர்கள். நானும் மடையன், நடந்தேன். முதல் ஆள் நாலு மணிக்கு எழுந்தாராம். நானும் நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். அவர் பங்களாவில் எழுந்தார் மாமா, நான் ஆறு பேர் படுக்கிற ரூமில் எழுந்தேன். மூன்றாம் நாள் என் பாயைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள், மேலதிகாரியைக் கண்டால் ஒதுங்காதே, கைகொடுத்து உன் யோசனையைச் சொல் என்றாராம். எங்கள் கார்க் கம்பெனி பிளான்ட் ஹெட் ரவுண்ட்ஸ் வந்த அன்றைக்கு நான் ஓடிப்போய்க் கைகொடுத்து, லைனுக்கு ஒரு ஃபேன் போடலாம் சார் என்றேன். என் கையில் இருந்த கிரீஸ் முழுக்க அவர் வெள்ளைச் சட்டைக்குப் போனது. ஃபேன் வரவில்லை. யோசனை சொல்வது எப்படி என்று ரெண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிரெயினிங் வைத்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஏழாவது ஆள் தன் கல்யாணத்தன்றே தாலி கட்டிய கையோடு மத்தியானம் ஆபீஸ் போனாராம். அந்தப் பக்கத்தில் நீங்கள் சிவப்பு மையால் ரெண்டு கோடு போட்டிருந்தீர்கள். அந்த அம்மா அன்றைக்கு மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று புத்தகத்தில் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அது புத்தியில் உறைக்காமல், பதினாலு மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் கார்க் கதவுக்கு போல்ட் முடுக்கினேன். காய்ச்சலிலும் முடுக்கினேன். ஹெச்.ஆர். இசைவாணி மேடம் என்னைக் கூப்பிட்டு, "கொம்பையா, இந்த வருஷத்து நாயகன் நீங்கதான்" என்று ஒரு கோட்டை மாட்டிவிட்டு, அது தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் நாலு கிளிப் போட்டு இறுக்கி, கைகட்டச் சொல்லிப் படம் எடுத்தார். மறுவாரம், எல்லோரும் வருகைப் பதிவு போடுகிற டைம் ஆபீஸ் வாசலில் நான் நிற்கிறேன். ஆறடி கட்அவுட். என் உயரம் ஐந்தேகால்தான். கீழே, 'பதினாலு மாதம். ஒரு நாள்கூட லீவு இல்லை. நீங்கள்?' என்று கொட்டை எழுத்து. அந்த 'நீங்கள்?' தான் மாமா என் குடியைக் கெடுத்தது.

லைனில் எவன் லீவு கேட்டாலும் சூப்பர்வைசர் வாயைத் திறப்பதில்லை, என் படத்தைக் காட்டுகிறார். தங்கச்சி கல்யாணமா, படத்தைப் பார். பல்வலியா, படத்தைப் பார். கேண்டீனில் நான் தட்டை வைத்தால் மேசை காலியாகிறது. கம்பெனி பஸ்ஸில் நிற்கிறவன்கூட என் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை. ஒருநாள் கட்அவுட்டுக்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்திவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், செத்துப்போன ஓனர் போல என்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்கள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம்கூட எனக்கு வருத்தம் இல்லை. ரூமில் என்னோடு இருக்கிற கோவில்பட்டி மகாராஜாவின் பெண்டாட்டிக்கு வலி எடுத்த அன்றைக்கு அவன் லீவு கேட்டான். அவனுக்கும் என் படத்தைத்தான் காட்டினார்கள். மகள் முகத்தை அவன் போனில்தான் பார்த்தான். ரெண்டு மாதமாக அவன் என்னோடு பேசவில்லை. அவன் பிள்ளை பிறந்த நேரத்தில் அவனை இங்கே நிறுத்தி வைத்தது என் மூஞ்சி. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வைகாசியில் தள்ளிப்போட்டோம், ஆனியில் தள்ளிப்போட்டோம், ஆவணி பன்னிரண்டு வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு நான் வந்து நிற்காவிட்டால் கனகலட்சுமியைத் தென்காசி போன்கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டீர்கள். நேற்று சூப்பர்வைசர் வெங்கடேசன் சாரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். அவர் இந்த ஊர்க்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா நீயே லீவு கேக்கற? உன்ன காட்டித்தானே இந்த லைன ஓட்டிக்கினு கீறேன்! அட்த்த வாரம் ஹெட் ஆபீஸ்லர்ந்து உன்ன பாக்கத்தான் வர்றாங்கோ" என்றார். என் நிச்சயம் சார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணு. உன் கட்அவுட்டு மடிக்கிற மாதிரிதான் கீது. பஸ்ல போட்டு அனுப்பு, பொண்ணு பக்கத்துல நிக்க வெச்சிருவாங்கோ" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாமா, அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கனகலட்சுமியிடம் போனில் சொன்னேன். "அனுப்புங்க அத்தான். கோட்டும் சூட்டுமா அதுதான் பாக்க நல்லாருக்கு, எதுத்தும் பேசாது" என்று வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே நான் வரவில்லை. குற்றம் என்னுடையது அல்ல, உங்கள் சிவப்பு மையுடையது. தென்காசிக்காரனுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள். அவன் பதினோரு மணிக்குக் கடை திறக்கிறவன், ஒரு புத்தகமும் படித்ததில்லை, நன்றாகத்தான் இருப்பான். எனக்குத்தான் தாங்காது, அதையும் எழுதிவிடுகிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியவர் என்பதால் உங்கள் காலில் விழுந்து ஆசி கேட்டு, அதே கோபத்தோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கெட்டுப்போன மருமகன்,
கொம்பையா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், மகாராஜா எடுத்துப் படித்துவிட்டான். ரெண்டு மாதம் கழித்து முதல் தடவையாக வாயைத் திறந்து, "எல மூதி, கேக்காம கெளம்பு. நீ லீவு போட்டாத்தாம்ல அந்த அட்டைய எடுப்பான். அத எடுத்தாத்தான் நான் எம் மவளத் தூக்க முடியும்" என்றான். ஆகவே வருகிறேன். நான் மட்டும் இல்லை, லைனே வருகிறது. வேன் பேசியாகிவிட்டது, வழியில் கோவில்பட்டியில் இறங்கி மகாராஜா மகளைப் பார்த்துவிட்டு வருவோம். சாப்பாட்டுக்குப் பதினான்கு இலை கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். முதலில் பதின்மூன்று என்றுதான் இருந்தது. பதினான்காவது வெங்கடேசன் சார். ரெண்டு வருஷமாக அவர் லீவு கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு நாயகன் படத்தைத்தான் அவருக்கும் காட்டினார்களாம்.