வாள்செடியும் ஒரு பந்தயமும்

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். முடிவு எடுப்பது அவருக்குப் புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு முடிவாவது எடுப்பார். வீட்டில் சொன்ன பிறகும் அது முடிவாகவே இருப்பதுதான் அபூர்வம்.

"ஹால்ல இருக்கிற மீன் தொட்டியில நிஜச் செடி வளர்க்கப் போறேன்" என்றார்.

அவர் மனைவி தையல்காரி. வாயில் இரண்டு ஊசியைக் கவ்வியிருந்ததால் உடனே பதில் வரவில்லை. அந்த நிம்மதி அரை நிமிடம் நீடித்தது.

"அந்த ஜன்னலோரம் எனக்கு வேணும்னு எத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்? சமையலறை மூலையில தைச்சுத் தைச்சுக் கண்ணே போச்சு."

"கண்ணு போனா கண்ணாடி நான் தர்றேன்."

"இடம் கேட்டா கண்ணாடி தர்றாராம்."

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஆறு மாதம் கெடு. செடி உயிரோடு இருந்து புது இலை விட்டால் ஜன்னலோரம் தொட்டிக்கு. இல்லாவிட்டால் தையல் மிஷினுக்கு.

அன்று மாலையே வளர்ப்பு மீன் கடையிலிருந்து செடி வந்தது. நீளமாக, நுனி கூராக, பத்து இலை.

"இதுக்குப் பேரு வாள்செடி" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

முழங்கை வரை தண்ணீரில் விட்டு, மணலைத் தோண்டி, வேர், வேருக்கு மேலே இலைகள் கிளம்பும் குருத்து எல்லாவற்றையும் சேர்த்துப் புதைத்தார்.

"ஏங்க, கழுத்து வரைக்கும் புதைக்கிறீங்களே. அது மூச்சு விட வேணாமா?"

"பிடிமானம் வேணும்ல? உனக்குத் துணி தெரியும். இது எனக்குத் தெரியும்."

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளித்தன. நான்காவது வாரம் கண்ணாடித் தாள் மாதிரி ஆகி, தொட்டால் கையோடு வந்தன. மனைவி குனிந்து பார்த்தாள்.

"வாள்னு சொன்னீங்க. வாலைச் சுருட்டிக்கிட்டுல்ல படுத்திருக்கு?"

ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவருக்கு அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் அவள் துணி வாங்கப் போன நேரத்தில் செடியைப் பிடுங்கினார். கொல்லைப்புறச் சுவரோரம் வீசினார். மீன் கடைக்கு ஓடி, அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து நட்டார். கழுத்து வரை.

சாயங்காலம் அவள் வெகுநேரம் தொட்டியையே பார்த்தாள்.

"நேத்து மூணு இலை. இன்னைக்குப் பன்னெண்டு."

"உரம் போட்டேன்."

"உங்க கைக்கு என்ன ராசி" என்றாள் அவள். அவருக்கு அன்று சோறு இரண்டு பிடி கூடவே இறங்கியது.

அதுவும் செத்தது. கொல்லைக்குப் போனது. மூன்றாவது வந்தது. அதுவும் கொல்லைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அவள் இலையை எண்ணி வியந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அடக்கமாகச் சிரித்தார். மீன்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்று நம்பினார்.

ஆறாவது மாதம் நான்காவது செடி வாங்கப் போனார். மீன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த செடி தளதளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தார். வேர் ஒரு சின்னக் கூழாங்கல்லோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஊதா நூல். முடிச்சு, அவருடைய சட்டைப் பொத்தான்களில் இருக்கிற அதே முடிச்சு.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு அம்மா கொண்டு வந்து குடுத்தாங்க சார். பதிலுக்கு வேர்ல வைக்கிற உர மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டுல யாரோ ஒரு அப்பாவி மனுஷன், உயிர் இருக்கிற செடியைச் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடறாராம்."

"அப்பாவின்னா சொன்னாங்க?"

"அவங்க வேற வார்த்தை சொன்னாங்க சார். நான்தான் மாத்திச் சொன்னேன்."

செடியோடு வீட்டுக்கு வந்தார். முன்வாசல் வழியாகப் போகாமல் நேரே கொல்லைக்குப் போனார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், தண்ணீர் நிரப்பிய பழைய குளியல் தொட்டியில் இரண்டு வாள்செடிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றின் வேரடியில் மாத்திரை அழுத்திக்கொண்டிருந்தாள். குருத்து மணலுக்கு மேலே சுதந்திரமாக நின்றது.

"வந்துட்டீங்களா? நாலாவதா?"

"முதலாவது" என்றார் ஈனஸ்வரத்தில். "திரும்பி வந்திருக்கு. தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் புதுச் செடியை நட்டுட்டு, கையெல்லாம் மணலோட, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரிசு வாங்கின மாதிரி நிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

கையில் இருந்த செடியைத் தடவிக்கொண்டார். ஆனாலும் வியாபாரி. சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"இந்தா பாரு, முதல்ல வாங்கின செடி உயிரோட இருக்கு. புது இலையும் விட்டிருக்கு. கெடுவும் தாண்டலை. பந்தயப்படி ஜெயிச்சது நான்."

சண்டைக்கு வருவாள் என்று இரண்டடி பின்வாங்கி நின்றார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க, அது முதல் செடியேதான். நியாயந்தான். ஜன்னலோரம் உங்களுக்கே."

"நிஜமாவா? அப்ப உன் மிஷினு?"

"அதை இன்னைக்கு நீங்க வெளிய போனதும் தூங்குற அறையில போட்டாச்சு. அங்க ரெண்டு ஜன்னல். போன மாசமே கேட்டேனே, செடிக்குத் தண்ணி மாத்திக்கிட்டே 'சரி சரி'ன்னீங்க."

உள்ளே போய்ப் பார்த்தார். மிஷின் உட்கார்ந்திருந்தது. அவர் சட்டை மாட்டும் ஆணியில் அளவு நாடா தொங்கியது. கட்டில் முழுவதும் கத்தரித்த துணி.

அன்று அவள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, வேர் மட்டும் உள்ளே, குருத்து வெளியே என்று முதல்முறையாகச் சரியாக நட்டார். அழகாகத்தான் நின்றது. பிறகு தலையணையை இடுக்கிக்கொண்டு மதியத் தூக்கத்துக்காக ஹாலுக்குத் திரும்பினார்.

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த நாலு பெண்கள் அங்கே உட்கார்ந்து, "அக்கா எவ்வளவு அழகா செடி வளர்த்திருக்காங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.