வருகிற பூனையா, போகிற பூனையா?

எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் உள்நோக்கிச் சிந்தித்தாக வேண்டும் என்று மில்தார்ப் நகரமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அதற்காக அமெரிக்காவிலிருந்து ஒரு பூனைச் சீட்டுக்கட்டு தருவிக்கப்பட்டது. சீட்டுக்கு ஒரு பூனை; அந்தப் பூனை நமக்கு என்ன சொல்ல வருகிறது என்று விளக்க ஒரு கையேடு. சீட்டைக் கிளி எடுத்துக் கொடுத்தால் மூடநம்பிக்கை. இதை நலவாழ்வு அலுவலர் இமோஜென் கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு எடுத்ததால் நிர்வாகச் சீர்திருத்தம். உறுப்பினர்கள் யாரும் எதிர்க்கவில்லை. பூனைக்கு எதிராகக் கை தூக்கியவர் இங்கிலாந்தில் மறுபடி ஜெயித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஹிலரி பிராக்பேங்குக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாய்தளம். கணவர் டெஸ்மண்ட் சக்கர நாற்காலிக்கு வந்தபின் வாசலிலிருக்கும் மூன்று படிகளைத் தாண்ட முடியவில்லை. குளிர்காலம் முழுக்க மனிதர் தெருவை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். சொந்தச் செலவிலேயே பலகை போட்டுக்கொள்ளலாம். ஆனால் தெரு பழமையானது. படிகளுக்குச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. டெஸ்மண்டுக்கு அப்படி எதுவும் இல்லாததால் மன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது.

மன்றத்துக்கு முதல் தடவை போனபோது, சீட்டில் திறந்த கதவின் நிலைப்படியில் உட்கார்ந்திருக்கும் பூனை வந்தது.

"கதவு திறந்திருக்கே. அப்ப அனுமதிதானே?" என்றாள் ஹிலரி.

"கதவு திறந்துதான் இருக்குங்க. பூனை உள்ளயும் போகலை, வெளியயும் வரலை. உங்க மனுவும் அப்படியே இருக்கட்டும்," என்றாள் இமோஜென்.

"எத்தனை நாளைக்கு?"

"பூனையை அவசரப்படுத்த முடியுங்களா?"

ஹிலரியும் பூனை வளர்த்தவள். முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த தடவை தூங்கும் பூனை வந்தது. அதன் ஞானத்துக்கு மதிப்பளித்து அலுவலகம் அந்த வாரம் முழுக்க மத்தியானத்தோடு மூடப்பட்டது.

மூன்றாம் தடவை விஷயம் திட்டக் குழுவுக்கே போய்விட்டது. தலைவர் கிறிஸ்பின் ராக் முன்னிலையில் இமோஜென் சீட்டெடுத்தாள். கருப்புப் பூனை.

"எடுத்த காரியத்தை நிறுத்துன்னு போட்டிருக்கு," என்று கையேட்டைப் படித்தாள்.

ராக் கண்ணாடியைக் கழற்றினார். "அது அமெரிக்காக்காரன் எழுதினதும்மா. நம்ம ஊர்ல கருப்புப் பூனைன்னா அதிர்ஷ்டம். கல்யாணப் பொண்ணுக்கே கருப்புப் பூனை பொம்மை செஞ்சு குடுக்கறோம்."

"அப்பன்னா கையெழுத்தப் போடுங்க," என்றாள் ஹிலரி.

"பொறுங்க. நம்மளப் பாத்து வந்தாத்தான் அதிர்ஷ்டம். விலகிப் போச்சுன்னா, இருக்கறதையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

குழு முழுவதும் சீட்டின்மேல் குனிந்தது. பூனையின் உடம்பு ஒரு பக்கமும் முகம் எதிர்ப்பக்கமும் இருந்தன.

"முகம் மனுதாரரைத்தான் பாக்குது," என்றாள் இமோஜென்.

"நடக்கறது முகமா, காலா?" என்றார் ராக்.

ஹிலரி சட்டென்று நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். "இப்பக் கால் என்னைப் பாத்துதானே வருது?"

"மனுதாரர் இடம் மாறிப் பூனைமேல செல்வாக்கைப் பயன்படுத்தக் கூடாது," என்று ராக் கண்டித்தார்.

துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது கால்நடை மருத்துவரை அழைத்துக் கருத்துக் கேட்டது. பசியாக இருந்தால் வரும், சாப்பிட்டிருந்தால் போகும் என்று அவர் எழுத்துமூலம் தெரிவித்தார். கடைசியில் ஜனநாயக மரபுப்படி பொதுமக்களிடமே கேட்டுவிடுவதென்று முடிவாயிற்று. 'பிராக்பேங்க் இல்லச் சாய்தளம் குறித்துக் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று தலைப்பிட்டு, கீழே பூனைப் படத்தையும் 'வருகிறதா, போகிறதா?' என்ற கேள்வியையும் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள்.

நூலகத்தை மூடியபோதும் பேருந்தை நிறுத்தியபோதும் வாய் திறக்காத ஊர் இப்போது பொங்கி எழுந்தது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. மதுக்கடையில் 'வருகிறது' கட்சிக்காரர்கள் ஜன்னலோரமும் 'போகிறது' கட்சிக்காரர்கள் கணப்பு அடுப்போரமும் பிரிந்து உட்கார்ந்தார்கள். இருபது வருஷமாக வேலிக்கு மேலே பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்த்த இமோஜெனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மக்கள் இவ்வளவு ஆழமாக உள்நோக்குவார்கள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சாய்தளத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

கடைசி நாளன்று ஹிலரி தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"நானும் எழுதிப் போட்டுட்டேன்," என்றாள்.

டெஸ்மண்ட் ஜன்னலிலிருந்து திரும்பினார். "என்னன்னு?"

"வருதுன்னுதான். நாலு பக்கம் எழுதினேன். அந்த ராக் இனிமே வாயைத் திறக்கட்டும், பாக்கலாம்."

"சாய்தளத்தைப் பத்தி என்ன எழுதின?"

தேநீர்க் கெண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. ஹிலரிக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"மறந்தே போயிட்டேன், டெஸ்மண்ட்."

டெஸ்மண்ட் மடியில் கிடந்த அச்சுத்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அது கெடக்கட்டும், விடு," என்றார். "ஆனா நீ எழுதினது தப்பு. அது போகுது. வாலைப் பாரு."