தயிர்சாதம் சாப்பிட்ட ஆலாக்குஞ்சு

வேளாவேளைக்கு ஊட்டிக்கொண்டே ஒரு உயிரைப் பட்டினி போட முடியும். நான் போட்டிருக்கிறேன். ஒரு குடும்பமே எனக்கு ஒத்தாசையாக இருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்த ஊர் திருப்பாலைவனம். நெல் வயலும் சிவன் கோயிலும், முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீடும். புகுந்த வீடு பழவேற்காட்டில், படகும் வலையுமாகப் பிழைக்கிற வீடு. (ஒரே பஸ்ஸில் தினமும் பொன்னேரிக்குப் போய்வந்தால் இப்படியெல்லாம் ஆகும்.) என் அப்பா, அதாவது நைனா, கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

மாமியார் தங்கமானவர். எனக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி வாங்கி வைத்தார். "அது சைவப் புள்ள, மீன் வாடை ஒத்துக்காது" என்று, மீன் கூடையோடு வருகிறவர்களைப் பின்பக்கமாக வரச் சொல்வார். பழவேற்காட்டில் மீன் வாடைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஆனாலும் அந்த மனசு இருக்கிறதே.

ஒருநாள் பலத்த காற்றில் ஏரி பொங்கி, மணல் திட்டில் இருந்த பறவைக் கூடுகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. என் கணவர் மாரி தலைத்துண்டில் ஒரு குஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆலா என்கிற கடல் பறவையின் குஞ்சு. பஞ்சு உருண்டைக்கு அலகு வைத்ததுபோல் இருந்தது.

"வளக்கிறியா?" என்றார்.

நான் பிளஸ் டூவில் விலங்கியல் படித்தவள். தவளையின் இதயத்தை வரைந்து பாகம் குறிப்பேன். தவளை என்ன தின்னும் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி அலகுக்குள் தள்ளினேன். முதலில் துப்பியது. பிறகு விழுங்கியது. மீன் கொடுக்க வேண்டுமோ என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. கடலில் பிழைக்கிறவர்கள் வீடு, வேண்டுமென்றால் அவர்களே சொல்ல மாட்டார்களா என்று விட்டுவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

குஞ்சு கொழுத்தது. அதன் வயதுக் குஞ்சுகளெல்லாம் படகுத்துறைக்கு மேலே வட்டமடிக்க, எங்களுடையது விருந்து முடிந்த பண்ணையார்போல முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தது. நின்றால் கால் இரண்டும் வளைந்தன. ஒரு இறக்கை மடங்காமல் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. அதைத் தனி அழகு என்று நினைத்தேன்.

இந்த நிலையில்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நைனா வாசலில் வந்து நின்றார்.

உள்ளே வரச் சொன்னோம். வந்தார். நாற்காலி போட்டோம். அதன் விளிம்பில் உட்கார்ந்தார். மாமியார் தண்ணீர் கொடுக்க, "இப்பதான் குடிச்சேன்" என்றார். மாரி எதிரே நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். அவரை நைனா பார்க்கவே இல்லை. அப்போது ஆலா தத்தித் தத்தி வந்தது.

"இன்னாம்மா இது, கோழியா?"

"ஆலா நைனா. கடல் பறவை. நான்தான் வளக்கறேன். தயிர்சாதம் மட்டும்தான் சாப்டும்."

நைனாவின் முகம் மலர்ந்தது. "கடல் பறவையையே சைவமாக்கிட்டியா?"

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்கு அத பறக்க வுடப்போறேன், வாங்க" என்றேன். அப்படி ஒரு திட்டம் அந்த நொடி வரைக்கும் கிடையாது. நைனா எழுந்தார். நாங்கள் ஊர்வலமாக டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போனோம். வழியில் பாதித் தெரு சேர்ந்துகொண்டது.

படகின் முனையில் ஏறி நின்று, ஆலாவை இரண்டு கையாலும் உயர்த்தி வீசினேன்.

அது இறக்கையை விரித்தது. ஒன்று விரிந்தது, இன்னொன்று காற்றில் திரும்பிக்கொண்ட குடைபோல நின்றது. தேங்காய் விழுவதுபோல நேராகத் தண்ணீரில் விழுந்தது. கடல் பறவைதானே, மிதக்கும் என்று பார்த்தோம். இறகெல்லாம் துணிபோல நனைந்து, முழுக ஆரம்பித்தது.

நைனா குதித்துவிட்டார். எங்கள் ஊர் மோட்டார் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து பழகியவர், அதே பாய்ச்சல். ஆனால் அந்த இடத்தில் ஏரி முழங்கால் ஆழம்தான். சேற்றில் மார்போடு செருகிக்கொண்டார். ஒரு கை மட்டும் மேலே நின்றது. அதில் ஆலா இருந்தது. வேட்டி தனியாக மிதந்து போனது.

"மாப்ள, கைய குடுங்க" என்றார் நைனா, சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி.

கல்யாணம் ஆனதிலிருந்து மாரியை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. படகின் மேலேயே நின்று நான் அழுதேன். மற்றவர்கள் ஆலாவுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, தன் மாடுகளைப் பார்க்கும் பொன்னேரி டாக்டரிடம் நைனாவே எங்களைக் கூட்டிப்போனார். ஷேர் ஆட்டோவில் நாலு பேர், மடியில் ஆலா. டாக்டர் இறக்கையை நீட்டிப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா குடுத்து வளத்தீங்க?"

"தயிர்சாதம்."

"வேற?"

மாரி தொண்டையைச் செருமினார். "எப்பனா, கொஞ்சம் புரோட்டா."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமியார் முந்தானையைத் திருகினார். "டீயில தோச்ச பன்னு. ஆசையா பாக்கும், அதான்."

"மீனு?"

மாரி தன் அம்மாவைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார்.

"பழவேற்காட்லர்ந்து வர்றீங்க. மீன் புடிக்கற வூடு. ஒரு மீன்கூடவா குடுக்கல?"

"மருமவ சைவங்க" என்றார் மாமியார். "அது வளக்கற பறவைக்கு நாம எப்டிங்க மீன குடுக்கறது? அது மனசு நோவாதா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் குஞ்சுகளுக்கு முள்ளோடு முழு மீன் வேண்டும்; அதிலிருந்துதான் எலும்பு கெட்டிப்படும், இறகு ஒழுங்காக முளைக்கும். சோறும் பன்னும் எடையை ஏற்றும், எலும்புக்கு ஒன்றும் தராது. இளசான எலும்பு உடம்பைத் தாங்காமல் கால் வளையும். முளைக்கிற இறகின் கனத்தில் இறக்கை வெளியே திருகிக்கொள்ளும். இறக்கையைத் துணியால் மடக்கிக் கட்டிவிட்டு, "பொடிமீன் குடுங்க. நிமிர்ந்தாலும் நிமிரும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரு கிண்ணம் பொடிமீன் வைத்தார். நான் ஒன்றைத் தொட்டேன். கையை உதறிக்கொண்டு விலகிவிட்டேன். நைனா கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். "பயிருக்கு எரு வெக்கும்போது மூக்க புடிச்சிக்கினா வெக்கறோம்?" என்று சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டே, வாழை இலைக் கிழிசலால் ஒரு மீனின் வாலைப் பிடித்து நீட்டினார். ஆலா மீனையும் அவர் விரலையும் சேர்த்துக் கவ்வியது.

அன்று மத்தியானம் என் அடுப்பில் சமைத்ததை, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நைனா சாப்பிட்டார். அதன் பிறகு அடிக்கடி வந்தார். "உன்ன பாக்க வரல, அத பாக்க வந்தேன்" என்பார். ஆலாவின் கால் முழுசாக நிமிரவில்லை. இறக்கை ஓரளவு மடங்கியது. கடைசிவரை இடப்பக்கமாகச் சாய்ந்துதான் பறந்தது. ஒருநாள் படகு முனையிலிருந்து எழும்பி, சாய்ந்தபடியே போய் மற்ற ஆலாக்களோடு கலந்துவிட்டது. இடப்பக்கம் சாய்கிற ஆலா எதையாவது பார்த்தால் நைனா இன்றைக்கும் நின்றுவிடுவார்.

என் மகளுக்கு முதல் சோறு ஊட்டின அன்று இரண்டு வீட்டாரும் சுற்றி நின்றோம். என் அம்மா நெய்யும் பருப்புமாகப் பிசைந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் மீன் தின்னாத நைனா மெதுவாக மாமியார் பக்கம் நகர்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"சம்பந்தியம்மா, கொஞ்சம் பெரிசானதும் அதுக்கு மீன் குடுத்துடுங்க. றெக்க கோணிக்கப் போவுது."

அந்த மகள் இப்போது சென்னை விடுதியில் நூடுல்ஸில் உயிர் வாழ்கிறாள். போனில் என்ன சாப்பிட்டாய் என்று நாங்கள் கேட்டால் பதில் சொல்வதில்லை. "இன்னும் கோணல, தாத்தாகிட்ட சொல்லிடு" என்கிறாள்.